சொல் அறிந்தால் போதுமா?



வேற்றுமொழி ஒன்றைக் கற்க முற்படும் மாணவன் அதன் எழுத்தைக் கற்கிறான். சொற்களை மனத்தில் இருத்துகிறான். இலக்கண விதிகளைப் பயில்கிறான். தேர்வெழுதி வெற்றியும் பெறுகிறான். பிறகு அம்மொழி வழங்கும் நாட்டுக்குச் சென்று, அந்நாட்டு மாணவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசத் தொடங்குகிறான். சொற்கள் சரியாகவே வருகின்றன, இலக்கணமும் பிழைபடுவதில்லை. எனினும், பேச்சு முடிந்தபின் இருபாலும் ஒரு கசப்பு நிற்கிறது. ‘இவர்கள் அன்பில்லாதவர்கள்’ என்று அவன் எண்ணுகிறான். ‘இவன் மரியாதை அறியாதவன்’ என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இக்கசப்பு எங்கிருந்து வந்தது? அதனை நீக்கும் வழி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 2022-23ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் உயர்கல்வி நிலையங்களில் பயின்ற இந்திய மாணவர் 42,000க்கும் மேற்பட்டோர். அப்பருவத்தில்தான் அவர்கள் சீன மாணவரை முந்தி, அந்நாட்டிலுள்ள அயல்நாட்டு மாணவருள் முதலிடம் பெற்றனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றோரும் அவர்களுள் உளர். பாடங்கள் பல ஆங்கிலத்தில் நடைபெறலாம். ஆயினும் கடையிலும் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் வழங்குவது ஜெர்மன் மொழியே. ஆகவே, ஜெர்மனியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

ஒரு சிறு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தமிழ் மாணவன் ஒருவன் ஜெர்மானிய நண்பன் வீட்டுக்கு விருந்தினனாகச் செல்கிறான். நண்பனின் தாயார் காப்பிக் கூசாவைக் கையில் ஏந்தி, ‘இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?’ என்று கேட்கிறார். மாணவன் மலர்ந்த முகத்துடன், ‘டாங்கெ’ என்கிறான். ‘நன்றி’ என்பது அச்சொல்லின் பொருள். அம்மையார் கூசாவை அப்பால் வைத்துவிடுகிறார். மாணவன் திகைக்கிறான். உண்மை யாதெனில், ஒன்றைத் தருவதாகச் சொல்லும்போது ‘டாங்கெ’ என்று மட்டும் விடை கூறினால், ‘வேண்டாம், நன்றி’ என்றே அங்கு பொருள் கொள்வர். வேண்டுமென்றால் ‘பிட்டெ’, அதாவது ‘தயவுசெய்து’ என்று சொல்லவேண்டும். அகராதி அவனுக்குச் சொல்லைத் தந்தது. சொல்லின் வழக்கைத் தரவில்லை.

மறுமுறை அவன் நம் ஊர் முறைப்படி, கூச்சத்தால், ‘வேண்டாம்’ என்கிறான். நம் இல்லங்களில் முதல் ‘வேண்டாம்’ முடிந்த முடிவாகாது. ‘அப்படிச் சொல்லலாமா? இன்னும் கொஞ்சம் சாப்பிடு’ என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வற்புறுத்துவதே விருந்தோம்பலின் அழகு. ஜெர்மானிய அம்மையாரோ, விருந்தினர் சொல்லுக்கு மதிப்பளிப்பதே விருந்தோம்பலின் அழகு என்று கருதுகிறார். அதனால் மறுமுறை கேட்பதில்லை. இருவர் நெஞ்சிலும் அன்பு இருந்தும், இருவரும் ஒருவரை ஒருவர் பிழைபட உணர்ந்தனர்.

இத்தகைய பிழைகளை ஆராய்ந்தவருள் ஆங்கில மொழியியல் அறிஞரான ஜென்னி தாமஸ் என்னும் அம்மையார் ஒருவர். 1983இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் ஒரு நுண்ணிய வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். இலக்கணப் பிழை செய்யும் அயலானைக் கேட்போர், ‘இவன் இன்னும் மொழியைச் சரியாகக் கற்கவில்லை’ என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வர். வழக்குப் பிழை செய்பவனை அவ்வாறு பொறுப்பதில்லை. அதனை அவனுடைய குணக்குறை என்றே கொள்வர். அன்றியும், அவன் இலக்கணம் எவ்வளவு செம்மையாக உள்ளதோ அவ்வளவுக்குப் பிறர் அவனைப் பொறுத்துக்கொள்வது குறையும். தட்டுத்தடுமாறிப் பேசுபவனுக்குக் கிடைக்கும் மன்னிப்பு, தங்குதடையின்றிப் பேசுபவனுக்குக் கிடைப்பதில்லை. வேற்றுமொழி கற்கும் ஒவ்வொரு மாணவனும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை இது.

சொல் மட்டுமன்று, குரலின் ஏற்ற இறக்கமும் இவ்வாறு மயங்கச் செய்யும். ஜான் கம்பர்ஸ் என்னும் அறிஞர் 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில், பணியாளர் உண்ணும் இடத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தனர். அவர்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று உண்ண வந்தோரும் மேலாளரும் குறைபட்டனர். ஆராய்ந்தபோது, குற்றம் ஒரே ஒரு சொல்லைச் சொல்லும் முறையில் இருந்தது. இறைச்சியோடு கிரேவி என்னும் குழம்பு வேண்டுமா என்று கேட்க நேர்ந்தால், ஆங்கிலப் பெண் ‘கிரேவி?’ என்று குரலை உயர்த்தி முடிப்பாள். நம்மவரோ, ‘கிரேவி’ என்று குரலைத் தாழ்த்தி முடித்தனர். தம் வழக்கப்படி அதுவே பணிவான வினா. ஆங்கிலேயர் செவிக்கோ, ‘இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்பதுபோல் ஒலித்தது. இரு வகைப் பேச்சையும் பதிவுசெய்து போட்டுக்காட்டியபோது, அப்பெண்களுக்கு முதலில் வேறுபாடே தெரியவில்லை. விளக்கிய பின்னரே, தம்மைப் பிறர் வெறுப்போடு நோக்கியதன் காரணம் அவர்களுக்குப் புலனாயிற்று. ஒரு சொல்லின் இறுதி ஒலி பலருடைய நற்பெயரைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது!

இனி, ‘ஒரே வளாகத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தால் இவையெல்லாம் தாமே விளங்கிவிடாவோ?’ என்று நீங்கள் கேட்கலாம். விளங்கிவிடும் என்று உறுதி கூற இயலாது. அயல்நாடு சென்ற மாணவர் தம் நாட்டாரோடு சேர்ந்து தங்குவதும், சேர்ந்து சமைப்பதும், சேர்ந்து உண்பதும் இயல்பே. உள்நாட்டு மாணவருக்கோ பள்ளி நாள் முதலே நண்பர் உண்டு. புதியவரைத் தேடிச் செல்லும் தேவை அவர்களுக்கு இல்லை. இவ்வாறு இரு கூட்டத்தாரும் ஒரே விரிவுரையைக் கேட்டு, ஒரே நூல்நிலையத்தில் படித்து, தனித்தனியே இல்லம் திரும்புகின்றனர். பட்டம் பெற்று ஊர் திரும்பும் நாள்வரை, அந்நாட்டார் இல்லம் ஒன்றின் வாயிலையும் மிதியாத மாணவர் உண்டு. அவர் இழந்தது சிறிதன்று.

ஹார்வார்டு பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் கோர்டன் ஆல்போர்ட், 1954இல் வெளியான தம் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். இரு கூட்டத்தார் அருகருகே வாழ்வதனால் மட்டும் தப்பெண்ணம் நீங்காது என்பது அவர் முடிபு. அது நீங்குவதற்கு நான்கு நிலைமைகளை அவர் கூறினார்: இருதிறத்தாரும் சமநிலையில் பழகவேண்டும், இருவருக்கும் பொதுவான குறிக்கோள் ஒன்று இருக்கவேண்டும், அதனை அடைய இருவரும் ஒத்துழைக்கவேண்டும், அப்பழக்கத்துக்கு நிறுவனத்தின் ஆதரவு இருக்கவேண்டும். இந்நான்கும் ஒருங்கே அமையும் ஏற்பாடு பல்கலைக்கழகத்தில் உண்டா? உண்டு. அதற்கு ‘டாண்டம்’ என்று பெயர்.

டாண்டம் என்பது இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து ஓட்டும் மிதிவண்டியைக் குறிக்கும் சொல். நம் ஊரில் ஒருவர் மிதிக்க, மற்றவர் பின்னிருக்கையில் சுகமாக அமர்ந்து செல்வது போன்றதன்று அது. அவ்வண்டியில் இருவருக்கும் மிதிகட்டை உண்டு, இருவரும் மிதிக்கவேண்டும். தமிழ் கற்க விரும்பும் ஜெர்மானிய மாணவி ஒருத்தியும், ஜெர்மன் கற்க விரும்பும் தமிழ் மாணவி ஒருத்தியும் வாரம் ஒருமுறை கூடி, ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் மாறிமாறி இருப்பதே மொழி டாண்டம்.

இம்முறை வளர்ந்த வரலாறு அறியத்தக்கது. பலமுறை போரிட்டுக் குருதி சிந்திய பிரான்சும் ஜெர்மனியும் 1963ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் எலிஸே உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அவ்வாண்டிலேயே இருநாட்டு இளைஞரையும் கூட்டி வைப்பதற்கென ஓர் அலுவலகம் தோன்றியது. அவ்விளைஞர் கூட்டங்களில், ஒருவர் மொழியை மற்றவர் நேரே கற்பிக்கும் முறை உருப்பெற்றது. 1970களின் இறுதியில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஜெர்மானியரும் ஸ்பானியரும் இதனைப் பின்பற்றினர். 1990களில் ஜெர்மனியின் போகும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமர்ட்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் மின்னஞ்சல் வழியாகவும் பல நாட்டு மாணவரை இவ்வாறு இணைத்தனர். பகைநாட்டாராய் இருந்தோரின் பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்வதற்கெனத் தோன்றிய ஏற்பாடு, இன்று பல பல்கலைக்கழகங்களின் மொழி மையங்களில் நாள்தோறும் நடைபெறும் செயலாகிவிட்டது.

இதற்கு இரண்டே விதிகள். முதலாவது, ஈடாகக் கொடுத்து வாங்குதல். ஒருமணி நேரம் கூடினால் அரைமணி ஜெர்மன், அரைமணி தமிழ். ஒருவர் மொழியே முழுநேரமும் ஓங்கினால் மற்றவர் ஏமாற்றம் அடைவார், சமநிலை கெடும். இரு மொழிகளையும் ஒரே நேரத்தில் கலவாமல் பிரித்து வைப்பதும் இதன்பாற்பட்டதே. இரண்டாவது, தன் கல்விக்குத் தானே பொறுப்பேற்றல். எதைக் கற்கவேண்டும், பிழையை எப்போது திருத்தவேண்டும் என்பனவற்றைக் கற்பவரே முடிவு செய்து தோழரிடம் கூறவேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கிட்டுத் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். ஆகையால் மூன்று நான்கு பிழைகளைக் குறித்துவைத்து, இறுதியில் கூறுதல் நன்று.

இத்தகைய அரங்கில், அகராதி தராத செய்திகள் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதைக் காண்போம்.

தமிழ் கற்கும் அந்த ஜெர்மானிய மாணவி, பேச்சு முடிந்ததும், ‘நான் போகிறேன்’ என்கிறாள். இலக்கணம் சரியே. ஆயினும் தமிழ் மாணவியின் நெஞ்சு சற்றே துணுக்குறுகிறது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பதை நாம் அமங்கலமாகக் கருதுகிறோம். ‘போய் வருகிறேன்’ அல்லது ‘வருகிறேன்’ என்போம். இதனை எடுத்துச் சொன்னால், ‘போகும்போது வருகிறேன் என்பானேன்?’ என்று அவள் வியப்பாள். ‘மறுபடியும் காண்போம் என்னும் நம்பிக்கையைச் சொல்லில் வைக்கிறோம்’ என்று விளக்க நேரும்போது, தமிழ் மாணவியும் தன் மொழியைப் புதிதாகக் காண்கிறாள். ஜெர்மானியர் விடைபெறும்போது கூறும் ‘அவுஃப் வீடர்ஸேயன்’ என்னும் தொடருக்கும் ‘மீண்டும் காணும்வரை’ என்பதே பொருள் என்று அறியும்போது, இருவரும் மகிழ்கின்றனர்.

அடுத்து, ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் சொற்கள். ஜெர்மன் மொழியிலும் ‘டூ’, ‘ஸீ’ என இரண்டு உண்டு. ‘டூ என்பது நீ, ஸீ என்பது நீங்கள்’ என்று பாடநூல் கூறிவிடும். ஆயின், ஆட்சி வேறு. அங்கு மாணவர் தமக்குள், ஆண்டு மூத்தவராயினும் இளையவராயினும், ‘டூ’ என்றே அழைப்பர். பேராசிரியரை ‘ஸீ’ என்பர். பேராசிரியரும் மாணவரைத் திரும்ப ‘ஸீ’ என்றே அழைப்பது பொதுமுறை. நம்மிடையே மூத்தவர் ‘நீ’ என, இளையவர் ‘நீங்கள்’ என விடையளிப்பது இயல்பு. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் இருவர் 1960இல் எழுதிய கட்டுரையில் இதனைத் தெளிவாக்கினர். ஐரோப்பிய மொழிகளில் இவ்வகைச் சொற்கள் முன்னாளில் உயர்வு தாழ்வைக் காட்டின என்றும், பின்னாளில் நெருக்கத்தையும் விலக்கத்தையும் காட்டுவனவாக மாறின என்றும் அவர்கள் கூறினர். இதனை அறியாத தமிழ் மாணவன், மூத்த மாணவரை மரியாதை கருதி ‘ஸீ’ என்று அழைத்தால், அவர் மகிழமாட்டார். ‘இவன் என்னை எட்ட நிறுத்துகிறான்’ என்று எண்ணுவார்.

‘நன்றி’ என்னும் சொல்லும் அத்தகையதே. அங்கு உப்பை எடுத்துக் கொடுத்தாலும் நன்றி கூறுவர். நம் இல்லத்தில் தாய் சோறு பரிமாறும்போது மகன் நன்றி கூறினால், தாய் அவனை வியப்போடு பார்ப்பாள். உறவில் ஏதோ விலக்கம் புகுந்ததுபோல் தோன்றும். நெருங்கியவரிடம் நன்றியைச் சொல்லாமல் உணர்வது நம் மரபு. அம்மரபில் வளர்ந்தவன் அங்குச் சொல்லாமல் இருந்தால், நன்றியற்றவன் என்று பெயர் பெறுவான்.

காலத்தைக் குறிப்பதிலும் வழக்கு உண்டு. ஜெர்மானியர் காலந்தவறாதவர் என்று கேள்விப்பட்ட மாணவன், 10 மணி விரிவுரைக்கு 10 மணிக்கே செல்கிறான். மண்டபம் வெறுமையாக இருக்கிறது! அங்குப் பல பல்கலைக்கழகங்களில் ‘கல்விக் கால்மணி’ என்னும் பழைய மரபு உண்டு. அட்டவணையில் நேரத்தின் அருகே இலத்தீன் சுருக்கக் குறி ஒன்று இருந்தால், விரிவுரை 10.15க்குத் தொடங்கும்; வேறொரு குறி இருந்தால் 10 மணிக்கே தொடங்கும். விரிவுரை முடிந்ததும் மாணவர் கைதட்டுவதில்லை. விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவர். முதல்நாள் அவ்வொலியைக் கேட்கும் அயலான், மாணவர் சினந்து தட்டுகின்றனரோ என அஞ்சக்கூடும். அது பாராட்டு என்று அருகிலிருக்கும் தோழர் ஒருவர் ஒரே சொல்லில் கூறிவிடுவார். ஆனால் அத்தகைய தோழர் ஒருவர் வேண்டுமே!

எழுத்தின் வழியாகவும் இவ்வாராய்ச்சியைச் செய்யலாம். 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘கல்த்தூரா’ என்னும் திட்டம் தொடங்கியது. பிரெஞ்சு கற்கும் அமெரிக்க மாணவரும், ஆங்கிலம் கற்கும் பிரெஞ்சு மாணவரும் சில சொற்களைக் கேட்டவுடன் தம் நினைவுக்கு வருவனவற்றைத் தத்தம் தாய்மொழியிலேயே எழுதினர். கருத்தை முழுமையாக வெளியிட வேண்டும் என்பதற்காகவே தாய்மொழி வைக்கப்பட்டது. ‘தனிமனிதப் போக்கு’ எனத் தமிழில் கூறத்தக்க சொல் ஒன்று இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் உண்டு. அதற்கு அமெரிக்கர் எழுதியவை: சுதந்திரம், படைப்புத் திறன் போன்ற நற்பொருள் சொற்கள். பிரெஞ்சு மாணவர் எழுதியவற்றிலோ தன்னலமே முன்னின்றது. வடிவம் ஒன்றாயினும் பொருள் எதிரெதிர். இரு விடைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின்னரே, தாம் ஒரே சொல்லைப் பேசியும் வெவ்வேறு பொருளைப் பேசிவந்ததை மாணவர் உணர்ந்தனர்.

ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில், ஒன்றை இங்குக் கூற விழைகிறேன். ‘புரிந்ததா?’ என்று ஆசிரியர் கேட்டால், புரியாத மாணவனும் ‘புரிந்தது, ஐயா’ என்பான். ஆசிரியர் மனம் வருந்தலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். அந்த நல்லெண்ணத்தை அவன் அயல்நாட்டுக்கும் எடுத்துச் செல்கிறான். அங்கு ஆசிரியர் அவன் சொல்லை அப்படியே நம்பி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவார். பின்னர் அவன் தவறும்போது, ‘புரிந்தது என்று பொய் கூறினான்’ என எண்ணுவார். ‘இந்தப் பகுதி விளங்கவில்லை, மறுபடியும் கூறுவீர்களா?’ என்று கேட்பது அங்கு அவமதிப்பு ஆகாது. படிப்பில் உள்ள அக்கறைக்கு அடையாளம் ஆகும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். ஒன்று: ஒருவர் செயலை ஒரு நாட்டின் இயல்பாகக் கொள்ளலாகாது. ஜெர்மானியர் அனைவரும் ஒருபடித்தானவர் அல்லர்; தமிழரும் அவ்வாறே. நெல்லையில் உள்ள வழக்கு கோவையில் இல்லை. ஒரு தோழர் கூறியதை இன்னொருவரிடமும் கேட்டுத் தெளிதல் வேண்டும். மற்றொன்று: பிறர் வழக்கை அறிவது, நம் வழக்கைக் கைவிடுவதற்கு அன்று. சட்டையை இடத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம், உடல் மாறுவதில்லை. அதுபோலவே, அங்குச் சிறு உதவிக்கும் நன்றி கூறிப் பழகியவன், ஊர் திரும்பித் தாய் கையால் உண்ணும்போது பேசாமல் உண்டு மகிழலாம்.

மாணவர்களே! இதனைப் பயில நீங்கள் ஜெர்மனி செல்லும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. உங்கள் கல்லூரி விடுதியிலேயே மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசுவோர் இருக்கலாம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து பயில்வோரும் இருக்கலாம். அவர்களுள் ஒருவரை அணுகி, ‘வாரம் ஒருமணி நேரம், பாதி உன் மொழி, பாதி என் மொழி’ என்று உடன்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். பிறர் செயல் எப்போதெல்லாம் உங்களுக்கு வருத்தமோ வியப்போ தருகிறதோ, அப்போதெல்லாம் அதனை அதில் எழுதுங்கள். அடுத்த சந்திப்பில் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள்? இதனை யார் யாரிடம் செய்வர்? நான் செய்ததை நீ எவ்வாறு எடுத்துக்கொண்டாய்?’ மூன்றாம் வினாவே கடினமானது. பயன் மிகுந்ததும் அதுவே.

நம் விடுதிகளுக்கு வந்துள்ள அயல்நாட்டு மாணவர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். நம் தலையசைப்பு ‘ஆம்’ என்கிறதா, ‘இல்லை’ என்கிறதா என்று அறியாது அவர் மயங்குகிறார். நூலில் கற்ற செந்தமிழைக் கடைத்தெருவில் பேசி, சுற்றியிருப்போர் நகைப்பதன் காரணம் அறியாது நாணுகிறார். எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள்தாம். அவர் ‘நான் செல்கின்றேன்’ என்னும்போது சிரிப்பதை நிறுத்தி, ‘நாங்கள் பேசும்போது இப்படிச் சொல்வோம்’ என்று கூறுங்கள்.

மொழியைக் கற்றவன் பேசத் தெரிந்தவன் ஆகிறான். பிறர் சொல் தன்னைச் சுடும்போது, சினங்கொள்ளுமுன் ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்கப் பழகியவனே அம்மொழி பேசுவோரிடையே வாழத் தெரிந்தவன் ஆகிறான். அவ்வினாவைக் கேட்பதற்கு ஒரு தோழரைத் தேடிக்கொள்ளுங்கள். அத்தகைய தோழராக நீங்களும் ஒருவருக்கு இருங்கள்.